வாழைத்தண்டு ஊறிய குளம்

தோட்டத்தில் சுகிர்தா கட்டிய சின்னக் குளத்தில், புதுச் சிமெண்டின் காரம் தாங்காமல் இரண்டு முறை மீன்கள் செத்து மிதந்தன. அந்தக் காரம் முறிய வாழைத்தண்டை வெட்டிப் போட்டு ஊறவைத்து, மூன்று தடவை தண்ணீரை இறைத்துக் கொட்டினாள். “குளத்துக்குத் தண்டுக்கூட்டு வெச்சவ உலகத்திலேயே நீதான்டி” என்று சிரித்தான் கணவன் மாறன். இன்று ஒரே ஒரு மீன். மீன் இருந்த பிளாஸ்டிக் பையைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, பையின் வாயைப் பிரித்தாள். மீன் வெளியே நீந்தி, அடியில் போய் அசையாமல் நின்றது. கல்யாணத்தன்றுகூட அவள் நெஞ்சு இப்படி அடித்துக்கொண்டதில்லை. மெல்லக் கையைத் தண்ணீருக்குள் விட்டாள். “கைய எடு, பயந்துக்கும்” என்றான் மாறன், பின்னாலிருந்து. அவன் எப்போது வந்து குந்தினானோ. “சும்மா இருங்க” என்றாள் திரும்பாமல். விரல் நுனியில் சின்ன வாய் ஒன்று முட்டியது. கொஞ்சம் விட்டு, மறுபடியும்.