பிரசிடெண்ட் போட்டுக்கொண்ட ஊசி

தாலுகா போர்டு பிரசிடெண்ட் சிட்டிபாபு சுத்த வேஷக்காரர் என்று வீராசாமி அடித்துச் சொல்வான். கேட்டுக் கேட்டு அவன் மனைவி கலாவதிக்குக் காது புளித்துவிட்டது.

அவர்கள் ஊரான செவிலிமேட்டில் பொதுக் கிணற்றுக்குச் சுவர் எழுப்பி, யாரும் உள்ளே இறங்கிக் கால் கழுவாதபடி செய்தவர் அந்தப் பிரசிடெண்ட். தெருமுனையில் மண்ணெண்ணெய் விளக்குக்குக் கம்பம் நட்டவரும் அவர்தான். காலையில் நெசவுக்காரர்கள் தெருநீளத்துக்குப் பாவு நூலை நீட்டியிருக்கும்போது மாட்டு வண்டி எதுவும் உள்ளே நுழையக்கூடாது என்றும் உத்தரவு போட்டார். அந்த உத்தரவால் பிழைத்தவர்களில் வீராசாமியும் ஒருவன். ஆனாலும் பாவு நூலை இழுத்துக் கட்டிக்கொண்டே, எல்லாம் அடுத்த எலெக்‌ஷனுக்குப் போடுகிற தூண்டில் என்பான்.

இப்போது ஊசி வந்திருந்தது. போன வைகாசி கருட சேவைக்குத் திரண்ட கூட்டத்தோடு வாந்திபேதியும் ஊருக்குள் வந்து, கலாவதியின் தலைச்சன் பிள்ளையை ஒரே பகலில் வாரிக்கொண்டு போய்விட்டது. அதனால் இந்த 1929 திருவிழாவுக்கு முன்னால் சுற்றுவட்டாரம் முழுக்க ஊசி போட்டாக வேண்டும் என்று பிரசிடெண்ட் தீர்மானம் நிறைவேற்றிவிட்டார். ஊசி போட்டால் ஜுரம் கண்டு செத்துப் போவார்கள் என்று ஊரில் ஒரே பேச்சு. அந்தப் பயம் போகத்தான், ஒவ்வொரு ஊரிலும் மேடை ஏறி முதல் ஊசியை அவரே போட்டுக்கொள்கிறாராம்.

"அவருக்குப் போடுறது வெறும் தண்ணி. கொழந்தய இட்டுக்கினு அங்க போனே, அப்புறம் மூஞ்சியிலயே முழிக்காதே" என்றான் வீராசாமி.

மிச்சமிருப்பது ஒரே பெண் குழந்தை. ஊசி போட்டாலும் பயம், போடாவிட்டாலும் பயம். கலாவதி நெடுநேரம் யோசித்துவிட்டு, புருஷன் பேச்சை மீறிக் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஊசி போடுகிற சாவடிக்குப் போனாள். பிரசிடெண்ட் நிஜ ஊசியே போட்டுக்கொண்டால் குழந்தைக்கும் போட்டுவிடுவது, இல்லாவிட்டால் பேசாமல் திரும்பிவிடுவது என்று முடிவு பண்ணியிருந்தாள். பார்க்கத் தோதாக மேடையை ஒட்டியே போய் நின்றாள்.

மேடையில் வாத்தியார் சம்பத்குமார் பிரசிடெண்டின் சாதனைகளை மூச்சு விடாமல் அடுக்கிக்கொண்டிருந்தார். கிணற்றில் தொடங்கி விளக்குக்கு வந்து, பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தைத் தாண்டி இன்னும் போய்க்கொண்டே இருந்தார். பிரசிடெண்ட் அதில் குளிர்ந்து போனதாகத் தெரியவில்லை. முகமெல்லாம் வேர்த்துக் கொட்ட, நாற்காலியில் ஒருக்களித்து உட்கார்ந்திருந்தார்.

ஒருவழியாகப் பேச்சு முடிந்தது. கம்பவுண்டர் ஜியாவுதீன் ஊசியில் மருந்தை ஏற்றினார். பிரசிடெண்ட் இடது கையை நீட்டிப் போட்டுக்கொண்டார். கூட்டம் கைதட்டியது. அடுத்தபடியாக ஊர்த் தலையாரிக்காக ஊசியில் மருந்து ஏற்றியதைப் பார்த்ததும் கலாவதிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

தலையாரிக்கு ஏற்றியது அரிசி களைந்த தண்ணீர் மாதிரி கலங்கலாக இருந்தது. பிரசிடெண்டுக்கு ஏற்றியதோ பளிச்சென்று தெளிவாக இருந்தது. அதை எடுத்ததும் வேறு புட்டியிலிருந்துதான்.

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. பிள்ளையைப் பறிகொடுத்தவளிடமா இந்த விளையாட்டு?

"அவருக்குப் போட்டது தண்ணி" என்று கத்தினாள். "நான் பாத்துக்கினுதான் இருந்தேன். அது வேற புட்டி."

ஆளுக்கு ஆள் இரைய ஆரம்பித்தார்கள். தாய்மார்கள் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு எழுந்தார்கள். தலையாரி நீட்டிய கையை மெல்ல இழுத்துக்கொண்டான். மோசக்காரன் என்று ஒரு குரல் வந்தது.

எல்லாரையும்விட அதிர்ந்து போனவர் பிரசிடெண்ட்தான். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"ஜியாவுதீன், அந்தப் பொண்ணு சொல்றது நெஜமா?"

கம்பவுண்டர் தலையைக் குனிந்துகொண்டார். "நெஜம்தாங்க. உங்ககிட்ட சொன்னா ஒத்துக்க மாட்டீங்கன்னு சொல்லாமலே செஞ்சிட்டேன்."

பிறகு கலாவதி பக்கம் திரும்பினார்.

"இதுவரைக்கும் ஊருக்கு ஊரு நெஜ மருந்தத்தாம்மா போட்டுக்கினு வந்தாரு. நேத்து வாலாஜாபாத்துலருந்து வர்ற வழியில வண்டியிலயே நெனவு தப்பிடுச்சு. இன்னொண்ணு போட்டா உசுருக்கு ஆபத்துன்னு டாக்டர் சொல்லிட்டாரு. இவரு கேக்கல. நான்தான் பயந்துபோயி தண்ணிய ஏத்தினேன்."



பிரசிடெண்ட் எழுந்து நின்று சட்டையைக் கழற்றினார். வலது கை தோளிலிருந்து முழங்கை வரைக்கும் வீங்கி, கத்தரிக்காய் நிறத்தில் கன்றிக் கிடந்தது. முன்வரிசையில் இருந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

"இந்த ஊருக்கு மட்டும் நான் பொய் சொன்னதா ஆயிடுச்சேப்பா" என்றார் அவர். "அந்தக் கலங்கல் மருந்தையே ஏத்து. எல்லாரும் பாக்கட்டும்."

ஜியாவுதீன் மாட்டேன் என்று தலையாட்டினார். பிரசிடெண்ட் விடவில்லை. இடது கையை மறுபடியும் நீட்டிக்கொண்டு, ஏற்று என்று அதட்டினார். கம்பவுண்டர் மருந்துப் புட்டியை எடுத்தார்.

கலாவதி விறுவிறுவென்று மேடை ஏறினாள். இரண்டு பேருக்கும் நடுவில் போய் நின்று, குழந்தையின் கையைப் பிடித்துக் கம்பவுண்டர் முன்னால் நீட்டினாள்.

"மருந்த எங்களுக்குப் போடுங்க. அவருக்குத் தண்ணியே போடுங்க."