சாத்தானுக்கு லீவு

"மருமகளுக்குச் சாத்தான் பிடிச்சிருக்கும்மா. கொஞ்ச நாள் லீவு வேணும்."

கண்ணாடிக் கடை முதலாளியம்மாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எதிரே மாமியார்க்காரி குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, ஏதோ சளிக் காய்ச்சலுக்கு லீவு கேட்கிற மாதிரி நின்றாள்.

கடையின் பின்னறையில் மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் தேய்த்துப் பொருத்துகிறவள் அந்த மருமகள். வேலையில் அப்படி ஒரு சுத்தம். ஆனால் கொஞ்ச நாளாகத் திடீர் திடீரென்று மிஷினை நிறுத்திவிட்டு, அதன் பக்கத்தில் காதை வைத்துக் கேட்கிறாள். யாருக்கோ பதில் சொல்கிறாள். நேற்று கஸ்டமர் முன்னாலேயே அழுதுவிட்டாள்.

"உள்ளேருந்து ஒருத்தன் என்னைத் திட்டிக்கிட்டே இருக்கான்மா. விரலை உள்ளே விடுங்கறான்."

பதறிப்போய் மாமியாரை வரவழைத்ததே முதலாளியம்மாதான்.

"டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்கன்னுதானே சொல்லி அனுப்பினேன்?"

"இது டாக்டருக்குக் கட்டுப்படாதும்மா. ஜெபத்துக்குத்தான் கட்டுப்படும்."

"எந்தக் காலத்துல இருக்கீங்க? இது மனசுக்கு வர்ற நோய். மாத்திரை இருக்கு. வேணும்னா நானே கூட்டிட்டுப் போறேன்."

"வேண்டாம்மா. எங்க வீட்டுப் பொண்ணு, நான் பாத்துக்கறேன். நீங்க அவ இடத்தை மட்டும் வேற யாருக்கும் குடுத்துடாதீங்க."

குடையை விரித்துக்கொண்டு படி இறங்கிப் போய்விட்டாள்.

அன்று வந்த கஸ்டமர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள் முதலாளியம்மா. "நோயைச் சாத்தான்னு சொல்லியே அந்தப் பொண்ணைச் சாகடிக்கப் போறாங்க. மகராசி, மாமியாரா வந்து வாய்ச்சிருக்கா பாருங்க!"

வாரம் தவறாமல் இருவரும் பஸ் ஏறுவதைக் கடைக்குள்ளிருந்தே பார்ப்பாள். மருமகளின் நடை தள்ளாடும். மாமியார் அவள் கையைக் கெட்டியாகப் பிடித்திருப்பாள்.

'அடிக்கறாங்களோ, பட்டினி போடறாங்களோ' என்று முதலாளியம்மா தனக்குள் பொருமுவாள்.

சில மாதம் கழித்து மருமகள் கடை வாசலில் வந்து நின்றாள். முகம் தெளிந்திருந்தது. உடம்பு கொஞ்சம் பூசியிருந்தது.

"சாத்தான் போயிடுச்சும்மா" என்றாள் கூடவே வந்த மாமியார்.

"ஓஹோ! எந்த பஸ்ல ஏறிப் போச்சு?"

"எதுல போனா என்னம்மா, ரிட்டர்ன் டிக்கெட் எடுக்காம இருந்தா சரி."

முதலாளியம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. மருமகளை உள்ளே அனுப்பினாள். முதலில் கொஞ்சம் மெதுவாகத்தான் தேய்த்தாள். போகப் போகப் பழைய சுத்தம் திரும்பிவிட்டது.

அதற்கப்புறம் ஒருநாள், மூட்டு வலிக்காகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன முதலாளியம்மா, வழி தெரியாமல் மனநலப் பிரிவு வராந்தாவில் நுழைந்துவிட்டாள்.

அங்கே பெஞ்சில் அந்த இருவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

மாமியார் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த நேரம் பார்த்துத்தானா நர்ஸ் வர வேண்டும்?

"உங்களுக்குத் தெரிஞ்சவங்களா மேடம்? இவங்களை மாதிரி ஒரு மாமியார் வீட்டுக்கு வீடு இருந்தா எங்களுக்குப் பாதி வேலை மிச்சம். ஒரு வேளை மாத்திரை தவறினதில்ல."

நர்ஸ் போனதும் முதலாளியம்மா பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"எப்பலேருந்து இங்க வர்றீங்க?"

"நீங்க சொன்ன மறுநாள்லேருந்து."

"அப்ப ஜெபம்?"

"அதுவும் உண்டும்மா. மாத்திரையைக் குடுத்துட்டு ஜெபம் பண்றேன்."

முதலாளியம்மா மருமகள் பக்கம் திரும்பினாள். "இன்னும் அந்தக் குரல் கேக்குதாம்மா?"

"எப்பவாவது கேக்கும்மா. பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி. அது பாட்டுக்குப் பேசும், நான் பாட்டுக்கு வேலையைப் பாப்பேன்."

"அப்புறம் எதுக்குச் சாத்தான், பூதம்னு பொய் சொன்னீங்க?"

மாமியார் மருமகளின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"சாத்தான்னா வந்துட்டுப் போயிடும்னு நம்பறாங்க. இந்த நோய் வந்தா, குணமானாலும் நம்ப மாட்டேங்கறாங்க."

"யாரோ நம்பலைன்னா என்ன? நான் படிச்சவ. மாத்திரை இருக்குன்னு முதல்ல சொன்னதே நான்தானே? என்கிட்டயாவது உண்மையைச் சொல்லியிருக்கலாமே!"

மாமியார் தயங்கினாள். பிறகு தணிந்த குரலில் சொன்னாள்:

"இவளுக்கு முன்னாடி உங்ககிட்ட லென்ஸ் தேய்ச்ச பொண்ணு எங்க தெருதாம்மா. அதுக்கும் இதே நோய்தான். உங்ககிட்ட மறைக்காம உண்மையைச் சொல்லுச்சு. 'நல்லா ரெஸ்ட் எடு, நானே கூப்பிடறேன்'னு அனுப்பி வெச்சீங்க. அது குணமாகி எத்தனையோ தடவை வந்து நின்னும் நீங்க கூப்பிடலை. சாத்தான் பிடிச்ச இவளை மட்டும் ஒரு பேச்சுப் பேசாம சேத்துக்கிட்டீங்க."

முதலாளியம்மா தன் கையிலிருந்த மூட்டு வலி மாத்திரையைப் பைக்குள் போட்டாள்.

"அந்தப் பொண்ணு வீட்டுக்கு... என்னைக் கூட்டிட்டுப் போறீங்களா?"

மாமியார் பதில் சொல்வதற்குள் மருமகள் எழுந்துவிட்டாள்.

"வீட்டுக்கெல்லாம் எதுக்கும்மா? அதோ, அந்த ஜன்னலோரம் உக்காந்து, உங்க பக்கம் பாக்கவே கூடாதுன்னு இருக்கா பாருங்க, அவதான். வாங்க, நானும் கூட வர்றேன்."