மூன்றாம் நபர்

தென்காசி சுகாதார அலுவலகத்தின் சன்னல் வழியாகச் சாரல் தெறித்து மேசைத் தாள்களை நனைக்கிறது. பிரசவத்தில் இறந்துபோன மகள் சுஜிதாவுக்கு அன்றைக்கு என்ன வைத்தியம் பார்த்தார்கள் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டிருந்தாள் ரெபேக்காள். வந்த பதிலை எத்தனை தரம் வாசித்தும் விளங்காமல், ஆலங்குளத்திலிருந்து பஸ்ஸேறி வந்து எழுத்தர் கைலாசத்திடம் நீட்டுகிறாள். "மூணாம் நபர்னு போட்டிருக்கே, அது யாரு அண்ணாச்சி?" கைலாசம் தலையைத் தூக்காமலே சொல்லுகிறார்: "ஒங்க மகதாம்மா. அவங்க விவரத்தைக் குடுக்கணும்னா, அவங்க கையெழுத்துப் போட்ட சம்மதக் கடிதம் வேணுமாம்." சண்டை போடத்தான் வந்திருந்தாள் ரெபேக்காள்; கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்கிறாள். கடிதத்தில் விழுந்த துளியை முந்தானையால் ஒற்றி எடுக்கிறாள். "அவ எழுத்து முத்து முத்தா இருக்கும் அண்ணாச்சி" என்கிறாள்.