வளைந்த காசு

“உன் வளைஞ்ச காசுல தலைதான் அதிகமா விழும். சின்ன வயசுல ஜன்னல் சீட்டையெல்லாம் அப்படித்தானே பிடிச்சே?” தம்பி விடவில்லை.

“சரி, நீயே ஒரு வழி சொல்லுடா” என்றாள் அக்கா.

“ரெண்டு தடவை சுண்டு. முதல்ல தலை, அடுத்தது பூன்னா உனக்கு. முதல்ல பூ, அடுத்தது தலைன்னா எனக்கு. ரெண்டும் ஒரே மாதிரி விழுந்தா மறுபடி முதல்லேர்ந்து. காசு எப்படி வளைஞ்சிருந்தாலும் ரெண்டு பேருக்கும் சம வாய்ப்பு.”

அக்கா சுண்டினாள். தலை, தலை. மறுபடி சுண்டினாள். பூ, தலை.

“எனக்குத்தான்!” தம்பி குதித்தான். அக்காவின் முகம் தொங்கிப்போனது.

டாக்டர் கதவைத் திறந்தார். “ரெண்டு பேர் கிட்னியும் அப்பாவுக்குப் பொருந்துது. யார் கொடுக்கறீங்க?”

“நான்தான் டாக்டர்!”

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அப்பாவை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறப்ப ஜன்னல் சீட்டும் உனக்குத்தான்டா.”