பிடிக்க வேண்டிய மீன்

தங்கையைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விடுவது என்ற முடிவோடுதான் வேன்காரர் அவள் புகுந்த வீட்டுப் படியேறினார். அவளுடைய கட்டில், பீரோ எதையும் விட்டுவைக்கக் கூடாது என்று சரக்கு வேனையே வாசலில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்.

கூடத்தில் தங்கை நின்றாள். இடது கன்னம் வீங்கியிருந்தது. கை நீட்டிய மாப்பிள்ளையோ உள் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தார்.

மாமியார்? முழங்கை நனைய மீன் தொட்டிக்குள் கையை விட்டு அளைந்துகொண்டிருந்தார்.

"வாங்க தம்பி. அந்த வாளியைக் கொஞ்சம் எடுங்க."

வேன்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மருமகள் இந்தக் கோலத்தில் நிற்கிறாள், இந்த அம்மாவுக்கு மீன் கேட்கிறதாம் மீன். போன தடவை அடி விழுந்தபோதும், நாலு நாள் அண்ணன் வீட்டில் இருந்துவிட்டு வரட்டும் என்று அனுப்பி வைத்தது இவர்தான்.

"அத்தை, நான் மீன் பிடிக்க வரலை. தங்கச்சியைக் கூட்டிட்டுப் போக வந்தேன்."

"தெரியும் தம்பி. ஒரு ஆளால முடியலை, அதான்."

வயதில் பெரியவர். மறுக்க வாய் வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு வாளியைப் பிடித்தார்.

தொட்டி முழுக்க ஆப்பிரிக்க சிக்லிட் மீன்கள். பார்க்கக் கொள்ளை அழகு. குணம்தான் ஆகாது. ஆளுக்கொரு கல் இடுக்கைப் பிடித்துக்கொண்டு, அடுத்தது எட்டிப் பார்த்தாலே கடிக்கப் பாயும். அதிலும் ஒரு நீல மீன், தொட்டியையே தன் பெயரில் எழுதி வாங்கிவிட்டது போலத் திரிந்தது. ஒரு மூலையில் மஞ்சள் மீன் ஒன்று வால் கிழிந்துபோய், தண்ணீரின் மேல்மட்டத்தில் ஒண்டிக்கொண்டு நின்றது.

மாமியார் கற்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தார். கல் இருக்கும்வரை மீன் சிக்காதாம்.

வேன்காரர் தங்கையைச் சாமான் கட்டச் சொன்னார். அவள் நகரவில்லை. அவளுக்கு வேலை அடுத்த தெருவில். அண்ணன் வீடு ஊரின் மறுகோடியில். போனால் வேலையும் போச்சு. அது அவருக்கும் தெரியாமல் இல்லை. அதற்காக அடி வாங்கட்டும் என்று விட்டுவிட்டுப் போக முடியுமா?

வலை தண்ணீருக்குள் இறங்கியது. பார்த்தால், இந்த அம்மா மஞ்சளை விட்டுவிட்டு நீலத்தைத் துரத்திக்கொண்டிருந்தார். வேன்காரருக்கே பொறுக்கவில்லை.

"கடி வாங்கினது அந்த மஞ்சள் அத்தை. அதைத்தானே தனியா எடுத்து வைக்கணும்?"

"அப்படித்தான் நானும் செஞ்சுட்டிருந்தேன் தம்பி. காயம் ஆறட்டும்னு தனியா வெச்சேன். ஆறினதும் திரும்ப விட்டா, அதுக்குள்ள இவன் அதோட இடத்தையும் சேர்த்துப் பிடிச்சு வெச்சிருந்தான். முன்னை விட மோசமா கடிச்சான். தப்பு என் மேலதான். கடிக்கிறவனை எடுத்திருக்கணும். இப்போ கல்லையெல்லாம் மாத்தி அடுக்கப் போறேன். என்னைக்காவது திரும்பி வந்தாலும், எதுவும் அவன் இடமா இருக்கக் கூடாது."

நீலம் ரொம்ப நேரம் தண்ணி காட்டியது. அந்த அம்மா விடுவதாக இல்லை. கடைசியில் வலையில் துள்ளியதை வாளிக்குள் போட்டு மூடினார். துண்டில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"வேன்ல உங்க பக்கத்துல எத்தனை பேர் உட்காரலாம் தம்பி?"

"ஒருத்தர்தான்."

அனுப்பிவைப்பதில் எவ்வளவு அவசரம் பார் என்று மனதுக்குள் பொருமினார் வேன்காரர்.

"அது போதும்" என்ற மாமியார், மருமகளைத் தாண்டிப் போய் உள் அறைக் கதவைத் தட்டினார்.

"டேய், எந்திரி. இவ எங்கேயும் போகலை. மச்சான் வேன் கொண்டு வந்திருக்கார், எங்க இறங்கணும்னு சொல்லு, உன்னைக் கொண்டு போய் விட்டுடுவார்."