ஏறும் கோடு

அவளுடைய கருவியின் முனையில் ஒரு வைரத் துணுக்கு இருந்தது. அதற்குள் ஓர் அணு விடுபட்ட குறை உண்டு. அந்தக் குறைதான் மின்புலத்தை உணரும். துளி மின்னூட்டம் நெருங்கினாலும் திரையில் கோடு ஏறும்.

அதே ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த கணவர் மின்னூட்டம் ஏறிய கம்பளிச் சட்டையோடு பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தாலே கோடு எகிறிவிடும். "தள்ளிப் போங்களேன், அளவெல்லாம் கெடுது" என்று விரட்டுவாள். அவரும் சிரித்துக்கொண்டே எழுந்து போவார்.

மாரடைப்பில் அவர் போய்ச் சேர்ந்தார். விடுப்பு முடிந்து வந்தவளிடம் உடன் வேலை செய்யும் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"ரூம் பூட்டித்தான் இருந்துச்சுக்கா. ஆனா கோடு ஏறியே நின்னுச்சு. இப்ப நீங்க வந்ததும் இறங்கிடுச்சு."

அவள் வெளியே போய்க் கதவுக் கண்ணாடி வழியே பார்த்தாள். அவர் உட்கார்ந்தால் ஏறும் அதே அளவுக்குக் கோடு ஏறியது. உள்ளே ஓடினாள், இறங்கியது. கம்பிகளை மாற்றினாள், வைரத்தையே மாற்றிப் பார்த்தாள். காலி நாற்காலியிடம் கெஞ்சி அழுதாள். கோடு அசையவில்லை.

இப்போதெல்லாம் அவள் நடைவழியிலேயே நிற்கிறாள்.

"உள்ள போய் உட்காருங்கக்கா, கால் வலிக்கப் போகுது."

"நான் போனா எழுந்து போயிடுறாரும்மா" என்றாள், கண்ணாடியில் மூச்சுக்கூடப் படாமல் சற்றுப் பின்வாங்கி.