பதினாலாம் பக்கம்

“இன்னாக்கா இது? பதினாலாம் பக்கத்தையே காணோம்!”

கோமளா அறிக்கையின் நகலை மேசைமேல் தொப்பென்று போட்டாள். லைட்ஹவுஸ் குப்பத்தில் மார்கரெட் நடத்தும் பெண்கள் தொண்டு நிறுவனத்துக்காக, ஏரியைச் சுற்றியுள்ள குப்பங்களில் வீடு வீடாகப் போய்க் கேட்டு அதை எழுதியவள் அவள்தான்.

“நான்தான் எடுத்தேன். கத்தாத,” என்றாள் மார்கரெட். “போன வாரமே அறிக்கை மெட்ராஸ் போயிடுச்சு.”

“ஆலைக் கழிவுத் தண்ணி உடுற எடத்துல இறங்கி, கையால தடவி இறால் புடிக்கிற நாப்பத்தோரு பொம்பளைங்களுக்கும் கால் பூரா புண்ணுக்கா! ஒவ்வொருத்தி காலையும் தொட்டுப் பாத்து எழுதினேன். அத எடுத்துட்டா மீதி இன்னா இருக்குது?”

“பால்வாடில அறுவது புள்ளைங்க இருக்குது. பன்னெண்டு பேரு வேலை இருக்குது. கவர்மென்ட் நிதிய வாங்கிக்கினு, கவர்மென்ட் அனுமதி குடுத்த ஆலையையே குத்தம் சொன்னா, அடுத்த வருசம் எவன் குடுப்பான்?”

“எடுக்கணும்னு யாராச்சும் சொன்னாங்களா?”

“சொன்னாத்தான் தெரியணுமா?”

பத்து வருடங்களுக்கு முன் இதே ஆலை வேண்டாமென்று பொன்னேரியில் மறியல் செய்து கைதானவள் மார்கரெட். கோமளா அதைச் சொல்லிக் காட்டவில்லை. பார்த்த பார்வையே போதுமானதாக இருந்தது.

வாசலில் ஜீப் நின்றது. நிதி கொடுக்கும் துறையின் அதிகாரி ரஞ்சித்குமார், முன்கூட்டிச் சொல்லாமல் வந்து இறங்கினார். கையில் அதே அறிக்கை. நல்லவேளை அந்தப் பக்கத்தை எடுத்தோமே என்று மார்கரெட் சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள்.

“மேடம், இதுல எதுவும் விட்டுப் போகலையே?”

“இல்ல சார்.”

“ஆலைப் பக்கம் யாராவது ஏதாவது குறை சொன்னாங்களா?”

மிரட்டிப் பார்க்கிறார் என்றுதான் மார்கரெட்டுக்குப் பட்டது. கோமளா வாயைத் திறந்தாள். மேசைக்கடியில் அவள் காலை மார்கரெட் அழுத்தி மிதித்தாள்.

“ஒருத்தருக்கும் ஒரு குறையும் இல்ல சார்.”

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு வைத்த டீயைத் தொடவே இல்லை.

“அடுத்த வருச நிதி...” என்று இழுத்தாள் மார்கரெட்.

“வந்துடும் மேடம். அதுக்கென்ன.”

அப்பாடா என்று அவள் மூச்சு விடுவதற்குள் அவர் தொடர்ந்தார்.

“இன்னிக்குக் காலையில அந்த ஆலைக்கு இன்னும் அஞ்சு வருசம் அனுமதி நீட்டிச்சுட்டாங்க. பாதிப்பே இல்லன்னு உங்க அறிக்கையத்தான் ஆதாரமா காட்டினாங்க.”

மார்கரெட் அவர் கையிலிருந்த அறிக்கையைப் பார்த்தாள். “சார்... நீங்க ஆலைக்காரங்க பக்கம்னுல்ல நெனச்சேன்?”

“ஆலையப் பத்தி எங்க துறையில நாங்க எழுதினா மேலிடத்துல கிழிச்சுப் போட்டுடுவாங்க. நீங்க வெளி ஆளுங்க, யாருக்கும் பயப்படாம எழுதுவீங்கன்னு நம்பித்தான் மேடம், ரெண்டு வருசம் மல்லுக்கட்டி அந்த நிதிய உங்களுக்கு வாங்கிக் குடுத்தேன்.”